சிஎஃப்ஏ லெவல் 1 எழுதி முதலீட்டுத் துறையில் நுழைய: எதை எந்த வரிசையில் செய்வது

சிஎஃப்ஏ (சார்ட்டர்டு ஃபைனான்ஷியல் அனலிஸ்ட்) என்பது மூன்று லெவல்களைக் கொண்ட, முதலீட்டு ஆய்வுக்கான தகுதித் தேர்வு. இதில் தவறுகிறவர்கள் பலரும் நன்றாகப் படித்தவர்கள்தான். புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருந்துவிட்டு, கேள்விகளைப் போட்டுப் பார்க்க நாள் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்ச்சி பெற்றும் வேலை கிடைக்காமல் திண்டாடுகிறவர்களோ, முடிவு வந்த பிறகுதான் வேலையைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கோளாறு வரிசையில்தான் இருக்கிறது. அதனால் இங்கே எதை முதலில் செய்வது, ஏன் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1. தேர்வுக்கு முன் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

முதலீட்டுத் துறை என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் வேலைகள் பலவகை. பங்கு ஆய்வாளர், கடன் பத்திர ஆய்வாளர், போர்ட்ஃபோலியோ (முதலீட்டுத் தொகுப்பு) மேலாளரின் உதவியாளர், தனிநபர் செல்வ மேலாண்மை ஆலோசகர், ரிஸ்க் பிரிவு, முதலீட்டு நிதிகளின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் தினசரி வேலையே வேறு.

முதல் மூன்றில் எதையாவது நோக்கிப் போகிறீர்கள் என்றால் சிஎஃப்ஏ பொருத்தம். வங்கியின் ரிஸ்க் பிரிவுதான் இலக்கு என்றால் எஃப்ஆர்எம் (ரிஸ்க் மேலாண்மைக்கான தகுதித் தேர்வு) நேரடியான வழி. அதில் இரண்டே கட்டம்: முதல் பகுதியில் 100 கேள்விகள், இரண்டாவதில் 80, ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம். தணிக்கை, நிறுவனக் கணக்கியல் பக்கம் மனம் இருந்தால் கணக்காயர் படிப்புதான் சரி. அங்கே சிஎஃப்ஏ கூடுதல் அலங்காரம் மட்டுமே.

முடிவெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் விரும்பும் பதவிக்கான 20 வேலை அறிவிப்புகளை எடுத்து, எந்தத் தகுதி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அரை நாள் வேலை. பின்னால் ஒரு வருடம் வீணாவதை இது தடுக்கும்.

2. பதிவு செய்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கடவுச்சீட்டு: பெரும்பாலான நாடுகளில் தேர்வு மையத்தில் இதைத்தான் அடையாளமாக ஏற்பார்கள். பதிவில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்தை ஒன்றில் விரித்தும் மற்றதில் சுருக்கியும் எழுதியிருப்பது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் சிக்கல். பதிவின்போதே சரிபார்த்துவிடுங்கள். தேர்வு நாளன்று வாசலில் நின்று விளக்கம் சொல்லிப் பயனில்லை.

தகுதி: பட்டம் முடித்திருக்கலாம். மாணவராக இருந்தால், பட்டம் முடியும் மாதத்துக்கு 23 மாதங்களுக்குள் வரும் தேர்வுக் காலத்தில் லெவல் 1 எழுதலாம். லெவல் 2-க்கு இந்த இடைவெளி 11 மாதங்கள்.

தேர்வுக் காலம்: லெவல் 1 ஆண்டுக்கு நான்கு முறை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் நடக்கிறது. லெவல் 2 மே, ஆகஸ்ட், நவம்பரில். லெவல் 3 பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஒரு லெவலை ஓர் ஆண்டில் இரண்டு முறைக்கு மேலும், மொத்தத்தில் ஆறு முறைக்கு மேலும் எழுத முடியாது. ஒரு முறை தவறினால் அடுத்து வரும் காலத்திலேயே உட்காரவும் முடியாது. ‘எழுதிப் பார்ப்போம்’ என்று போய் உட்காருவது அதனால் மலிவான சோதனை இல்லை.

கால்குலேட்டர்: டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ 2 பிளஸ் அல்லது எச்பி 12சி, இவற்றின் அனுமதிக்கப்பட்ட வடிவங்கள் மட்டும். வேறு எதையும் உள்ளே விடமாட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் முதலாவதையே வாங்குங்கள், கற்பது எளிது.

செய்முறைப் பயிற்சி: தேர்வோடு சேர்த்து ஒரு செய்முறைப் பாடத்தையும் இணையத்தில் முடிக்க வேண்டும். நிதி மாடலிங் (நிறுவனத்தின் கணக்குகளை எக்செலில் கட்டி எதிர்காலத்தைக் கணிப்பது), பைத்தான் நிரல்மொழி போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முடிக்காவிட்டால் தேர்வு முடிவு வராது. வேலை தேடுகிறவர்கள் மாடலிங்கை எடுத்து, அதைத் தள்ளிப்போடாமல் முதல் இரண்டு மாதங்களில் முடித்துவிடுங்கள். அது எப்படிக் கைகொடுக்கும் என்பது 10-ஆம் பகுதியில்.

3. மணிநேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஒரு லெவலுக்கு ஏறக்குறைய 300 மணி நேரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. கணக்கியல் பின்னணி இல்லாதவர்கள் 350 என்று வைத்துக்கொள்ளலாம்.

வாரநாளில் தினமும் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் சேர்த்து எட்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 18 மணி. 300-ஐ 18-ஆல் வகுத்தால் 17 வாரம். ஆனால் 17 வாரத் திட்டம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். காய்ச்சல், அலுவலக நெருக்கடி, வீட்டு விசேஷம் என்று நான்கு வாரமாவது கரைந்துவிடும். 22 வாரம் ஒதுக்குங்கள்.

திட்டத்தைத் தேர்வுத் தேதியில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள். கடைசி 5 வாரம் மாதிரித் தேர்வுக்கும் திருப்புதலுக்கும் மட்டும் என்று முதலில் அடைத்துவிடுங்கள். மிச்சமுள்ள 17 வாரத்தில்தான் பத்துப் பாடங்களும் அடங்க வேண்டும். முன்னாலிருந்து போட்ட திட்டத்தில் தாமதம் எல்லாம் கடைசி வாரங்களைத்தான் தின்னும். மதிப்பெண் ஏறுவது அந்த வாரங்களில்தான்.

4. முதல் வாரம்: கால்குலேட்டரைச் சரிசெய்யுங்கள்

பாடத்தைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பின்னால் தப்பு விடை வரும்போது பிழை உங்களுடையதா, கருவியின் அமைப்பா என்று குழம்பாமல் இருக்கும்.

பிஏ 2 பிளஸ் பெட்டியிலிருந்து வரும்போது இரண்டு தசம இடங்களை மட்டும் காட்டும். ‘செகண்ட்’, ‘ஃபார்மேட்’, 9, ‘என்டர்’ அழுத்தினால் தேவைக்கேற்ப எல்லா இடங்களும் தெரியும். வட்டி விகிதக் கணக்கில் 0.0425 என்பதை 0.04 என்று படித்துவிட்டு அடுத்த படிக்குப் போகும் ஆபத்து இதனால் நீங்கும்.

அடுத்து, கணக்கு வரிசை. தொடக்க அமைப்பில் 2 + 3 × 4 என்று அழுத்தினால் 20 காட்டும், ஏனென்றால் அது இடமிருந்து வலமாகப் போகிறது. அதே ‘ஃபார்மேட்’ பட்டியலில் மேல் அம்புக்குறியை அழுத்தி ‘செயின்’ அமைப்பை ‘ஏஓஎஸ்’ ஆக்கினால் 14 வரும். எந்த அமைப்பில் வேண்டுமானாலும் பழகலாம், ஆனால் நடுவில் மாற்றாதீர்கள்.

ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற அமைப்பை 1 என்றே வைத்துக்கொண்டு, மாற்றத்தை நீங்களே செய்யுங்கள். உதாரணத்துக்கு ஒரு கடன் பத்திரம்: முகமதிப்பு 100, கூப்பன் (பத்திரம் தரும் வட்டி) 6 சதவீதம், 5 ஆண்டு, சந்தை வருவாய் விகிதம் 8 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை கூப்பன் என்றால் காலம் 5, விகிதம் 8, தவணை 6, விலை 92.01. அரையாண்டுக் கூப்பன் என்றால் காலம் 10, விகிதம் 4, தவணை 3, விலை 91.89. இரண்டு விடைகளுமே தேர்வில் பக்கத்துப் பக்கத்தில் தெரிவாக வந்து நிற்கும்.

புதியவர்கள் செய்யும் பிழைகள் மூன்று. ஒவ்வொரு கணக்குக்கும் முன் ‘செகண்ட்’, ‘எஃப்வி’ அழுத்திப் பழைய எண்களை அழிக்காமல் விடுவது. வெளியே போகும் பணத்துக்குக் கழித்தல் குறி போடாமல் விடுவது. விகிதத்தைக் கண்டுபிடிக்கும்போது ‘எரர் 5’ என்று வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். மூன்றாவது, காலத் தொடக்கத்தில் பணம் வரும் கணக்குக்காக ‘பிஜிஎன்’ அமைப்புக்கு மாற்றிவிட்டுத் திரும்ப மாற்ற மறப்பது. திரையில் அந்த எழுத்து தெரிந்தால் உடனே உஷாராகுங்கள்.

5. பாடங்களை இந்த வரிசையில் எடுங்கள்

புத்தகம் எந்த வரிசையில் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதே வரிசையில் படிக்க வேண்டியதில்லை. தேர்வில் எடை இப்படி: எதிக்ஸ் (தொழில் நெறிகள்) 15 முதல் 20 சதவீதம். நிதிநிலை அறிக்கை ஆய்வு, பங்கு, ஃபிக்ஸட் இன்கம் (கடன் பத்திரங்கள்) ஒவ்வொன்றும் 11 முதல் 14. போர்ட்ஃபோலியோ மேலாண்மை 8 முதல் 12. மாற்று முதலீடுகள் (ரியல் எஸ்டேட் போன்றவை) 7 முதல் 10. அளவு முறைகள் (நிதிக் கணிதமும் புள்ளியியலும்), பொருளாதாரம், நிறுவன நிதி மூன்றும் 6 முதல் 9. டெரிவேட்டிவ்ஸ் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் போன்றவை) 5 முதல் 8.

முதலில் அளவு முறைகள். எடை குறைவுதான், ஆனால் பணத்தின் கால மதிப்பு தெரியாமல் பத்திரமும் பங்கு மதிப்பீடும் புரியாது. இரண்டாவது நிதிநிலை அறிக்கை ஆய்வு, மூன்றாவது நிறுவன நிதி. பிறகு ஃபிக்ஸட் இன்கம், அதன்பின் பங்கு. அவற்றுக்குப் பிறகு டெரிவேட்டிவ்ஸ், மாற்று முதலீடுகள், போர்ட்ஃபோலியோ மேலாண்மை. பொருளாதாரத்தை எங்கே வேண்டுமானாலும் செருகலாம்; கனமான பாடத்தில் களைத்துப்போன வாரத்தில் எடுப்பது நல்லது.

எதிக்ஸ் முதலில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை. இதன் காரணம் 8-ஆம் பகுதியில்.

6. ஒரு பாடத்தை முடிப்பது என்றால் என்ன

பாடத்தின் தொடக்கத்தில் கற்றல் இலக்குகள் பட்டியலாக இருக்கும். அதில் உள்ள வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘கணக்கிடு’ என்றிருந்தால் சூத்திரம் கையில் வர வேண்டும். ‘விவரி’ என்று மட்டும் இருந்தால் எண்ணைப் போட்டுக் கணக்கிடும் கேள்வி அங்கிருந்து வருவது அரிது. இதைப் பார்க்காமல் எல்லாச் சூத்திரத்தையும் நெட்டுருப் போடுகிறவர்கள் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

பாடத்தின் ஒரு பகுதியை ஒரே மூச்சில் படித்து, அன்றைக்கே அதற்கான கேள்விகளில் பாதியைப் போடுங்கள். மறுபாதியை ஒரு வாரம் கழித்து. பாடம் மறக்கத் தொடங்கிய பிறகு போடும் கேள்விதான் எது நிஜமாகத் தங்கியிருக்கிறது என்று காட்டும். படித்த அன்றே எல்லாவற்றையும் போட்டு 85 சதவீதம் வாங்குவது வெறும் சூட்டில் வந்த மதிப்பெண்.

மொத்த நேரத்தில் வாசிப்புக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. அழகான கையெழுத்தில், நான்கு நிறங்களில் குறிப்பு எடுப்பதுதான் இந்தப் படிப்பின் பெரிய நேரத்திருடன். உழைத்த திருப்தி கிடைக்கும், கேள்வி போடும் கை மட்டும் பழகியிருக்காது.

குறிப்பேட்டுக்குப் பதில் பிழையேடு ஒன்று வையுங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரே வரி, நான்கு வகைகளில் ஒன்று:

கருத்தே தெரியவில்லை. கருத்து தெரியும், கேள்வியைத் தவறாகப் படித்தேன். கணக்கில் அல்லது கால்குலேட்டரில் சறுக்கல். ஊகித்தது சரியாகிவிட்டது.

கடைசி வகையைப் பலரும் எழுத மாட்டார்கள். சரியான விடைதானே என்று விட்டுவிடுவார்கள். மூன்று தெரிவுகள் உள்ள தேர்வில் குருட்டாம்போக்கில் அடித்தாலே மூன்றில் ஒன்று சரியாகும், ஆகவே உங்கள் மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டைகள் அங்கேதான் இருக்கின்றன.

மாதம் ஒருமுறை ஏட்டைப் புரட்டி எண்ணுங்கள். முதல் வகை அதிகமென்றால் பாடத்துக்குத் திரும்புங்கள். இரண்டாவது அதிகமென்றால் இன்னும் படிப்பது உதவாது. கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படிக்கும் பழக்கமும், ‘மிகக் குறைந்த’, ‘தவிர’ போன்ற சொற்களில் நின்று கவனிக்கும் பழக்கமும்தான் மருந்து.

7. எல்லோரும் தடுக்கி விழும் இரண்டு பாடங்கள்

நிதிநிலை அறிக்கை ஆய்வில் விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் பத்து நாளில் பறந்துவிடும். ஒவ்வொரு விதியையும் லாபம், சொத்து, செயல்பாட்டுப் பணப்புழக்கம், வரி என்ற நான்கு கட்டங்களில் வைத்து, எது கூடும், எது குறையும் என்று அம்புக்குறி போட்டுப் பழகுங்கள்.

சரக்கிருப்பை எடுத்துக்கொள்வோம். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது கடைசியில் வந்தது முதலில் போகும் முறையைப் பின்பற்றினால் விற்ற சரக்கின் அடக்கம் கூடும், லாபம் குறையும், வரி குறையும், வரி குறைந்ததால் செயல்பாட்டுப் பணப்புழக்கம் கூடும். இந்த முறை அமெரிக்கக் கணக்கியல் விதிகளில் உண்டு, சர்வதேச விதிகளில் கிடையாது. அதேபோல, கணக்கில் குறைத்து எழுதிய சரக்கின் மதிப்பு திரும்ப ஏறினால் சர்வதேச விதிகள் பழைய அடக்கம் வரை திரும்ப ஏற்ற விடும். அமெரிக்க விதிகள் விடாது. லாபம் குறைந்தும் பணம் ஏன் கூடுகிறது என்பதை உரக்கச் சொல்லிப் பார்க்க முடிந்தால் பாடம் பிடிபட்டுவிட்டது.

இன்னொன்று: ஒரு செலவைச் சொத்தாகக் காட்டுவதா, உடனே செலவாகக் காட்டுவதா. சொத்தாகக் காட்டினால் முதல் ஆண்டு லாபம் கூடும், செயல்பாட்டுப் பணப்புழக்கமும் கூடும், ஏனென்றால் அந்தப் பணம் முதலீட்டுப் பணப்புழக்கத்துக்கு இடம் மாறுகிறது. அடுத்த ஆண்டுகளில் தேய்மானம் வந்து லாபத்தைக் குறைக்கும். இந்த ஒரு தலைப்பு நேர்காணலிலும் திரும்பத் திரும்ப வரும்.

ஃபிக்ஸட் இன்கமில் தடுமாற்றம் டியூரேஷனில். சூத்திரத்துக்கு முன் பொருளைப் பிடியுங்கள்: மாடிஃபைடு டியூரேஷன் 6 என்றால், வருவாய் விகிதம் 1 சதவீதப் புள்ளி ஏறும்போது விலை சுமார் 6 சதவீதம் இறங்கும். அரைப் புள்ளி ஏறினால் சுமார் 3 சதவீதம். விலைக்கும் விகிதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைவதை அளப்பது கன்வெக்சிட்டி; அது 50 என்று கொடுத்திருந்தால் திருத்தம் 0.5 × 50 × 0.005 × 0.005, அதாவது 0.0625 சதவீதம். ஆக இறக்கம் சுமார் 2.94 சதவீதம்.

இங்கே பிழைகள் இரண்டு. முன்னால் உள்ள 0.5-ஐ மறப்பது ஒன்று. அரைச் சதவீதத்தை 0.005 என்று போடாமல் 0.5 என்று போட்டு விபரீதமான விடை வாங்குவது மற்றொன்று. விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் கன்வெக்சிட்டித் திருத்தம், அது நேர்மமாக இருக்கும்வரை, பத்திரக்காரருக்குச் சாதகமாகவே இருக்கும். இதை நினைவில் வைத்தால் குறி தவறாது.

8. எதிக்ஸை இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை, தொடக்கத்தில், கதை படிப்பது போல. ஏழு நெறிகள் எவை என்ற வரைபடம் மனதில் விழுந்தால் போதும். இரண்டாவது முறை, கடைசி ஆறு வாரத்துக்குள், ஒவ்வொரு நெறிக்கும் கொடுத்துள்ள உதாரணங்களை ஒன்றுவிடாமல். கேள்விகள் விதியின் வாசகத்தை அப்படியே கேட்பதில்லை. ஒருவர் ஒரு சூழலில் செய்ததைச் சொல்லி, மீறலா இல்லையா, எந்த நெறி என்றுதான் கேட்கும். அதற்கு உதவுவது உதாரணங்களே.

பொது அறிவால் எழுதிவிடலாம் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. நல்லவர்கள்கூடத் தவறும் இடங்கள் உண்டு. உள்ளூர்ச் சட்டமும் நெறிகளும் முரண்பட்டால் எது கடுமையோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். வாடிக்கையாளர் நன்றியாகத் தரும் பரிசை நிறுவனத்திடம் தெரிவித்துப் பெறலாம். தரகர் தரும் விலையுயர்ந்த பரிசைப் பெறக் கூடாது. பொதுவில் உள்ள தகவல்களையும், முக்கியத்துவம் இல்லாத உள் தகவல்களையும் கோர்த்து ஒரு முடிவுக்கு வருவது மீறல் இல்லை. முதலீட்டுச் செயல்திறனை வெளியிடும் முறைக்கான ஜிப்ஸ் தரநிலைக்கு உட்பட்டதாக நிறுவனம் முழுவதுமாகத்தான் சொல்லிக்கொள்ள முடியும், ஒரு நிதிக்கு மட்டும் சொல்ல முடியாது.

9. கடைசி ஐந்து வாரம்: மாதிரித் தேர்வு

தேர்வில் 180 கேள்விகள். 90 வீதம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 135 நிமிடம், கேள்விக்கு 90 வினாடி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றைக்கூட வெறுமையாக விடாதீர்கள்.

ஆறு முழு மாதிரித் தேர்வுகள் எழுதுங்கள். சிஎஃப்ஏ நிறுவனமே பதிவோடு தருபவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேள்வியின் நடை அவற்றில்தான் நிஜத் தேர்வோடு ஒட்டியிருக்கும். இரண்டு அமர்வையும் ஒரே நாளில், உண்மையான தேர்வு நேரத்திலேயே எழுதுங்கள். இரண்டாவது அமர்வின் நடுவில் மூளை சோர்ந்துபோகும் அந்த இடத்தை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

நேரத்துக்கு மைல்கற்கள்: 30-ஆவது கேள்வி முடியும்போது 42 நிமிடம், 60-இல் 84, 90-இல் 126. மீதமுள்ள 9 நிமிடம் குறியிட்டு வைத்த கேள்விகளுக்கு. இரண்டு நிமிடத்தில் வழி தெரியாத கணக்கை ஏதாவது ஒரு விடை குறித்துவிட்டுக் கடந்துபோங்கள்.

எழுதுவதைவிட அலசுவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். தேர்வு நான்கரை மணி நேரம் என்றால் அலசல் எட்டு மணி நேரமாவது ஆகும். சரியான விடைகளையும் பாருங்கள். மற்ற இரண்டு தெரிவுகள் ஏன் தவறு என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. ஒரே நாளில் மாதிரித் தேர்வை எழுதி, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மறுநாள் அடுத்ததற்குப் போகிறவர்களின் மதிப்பெண் ஐந்து வாரமும் அதே இடத்தில் நிற்கும்.

தேர்ச்சிக்கான மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில்லை. நடைமுறை அளவுகோலாக, மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் வரும்வரை வேகத்தைக் குறைக்காதீர்கள். முதல் மாதிரியில் 55 வந்தால் பதற வேண்டாம், அலசலுக்கு நேரம் இருக்கிறது.

தேர்வு நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால்குலேட்டருக்குப் புது மின்கலம் முந்தைய வாரமே போட்டு, அமைப்புகளைத் திரும்பச் சரிபாருங்கள். மின்கலம் மாற்றினால் அவை தொடக்க நிலைக்குப் போய்விடக்கூடும். இரண்டு அமர்வுக்கும் இடையில் இடைவேளை உண்டு. அதில் யாரோடும் விடை ஒப்பிடாதீர்கள். கேள்விகளை வெளியில் பேசுவதே நெறி மீறல்.

10. படிக்கும்போதே ஒரு வேலைச் சான்றை உருவாக்குங்கள்

லெவல் 1 தேர்ச்சி உங்கள் ரெஸ்யூமேயைப் படிக்க வைக்கும். உங்களால் வேலை செய்ய முடியும் என்று அது காட்டாது. அதைக் காட்ட, ஒரு நிறுவனத்தைப் பற்றி எக்செல் மாடலும் நான்கு பக்க அறிக்கையும் வேண்டும். பங்குப் பாடம் முடிந்த வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் தேர்வுக்குள் முதல் வரைவு வந்துவிடும். பாடமும் கூடவே பதியும்.

நிறுவனத் தேர்வு முக்கியம். வங்கி, காப்பீடு வேண்டாம். அவற்றின் நிதிநிலை அறிக்கை அமைப்பே வேறு, வழக்கமான பணப்புழக்க மதிப்பீடு அங்கே பொருந்தாது. பத்துத் தொழில் நடத்தும் பெருங்குழுமமும் வேண்டாம். ஒன்றிரண்டு பொருள்களை மட்டும் விற்கும், நடுத்தர அளவுள்ள, பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றை எடுங்கள். எல்லோரும் எழுதும் பிரபலப் பங்கைவிட அதில் உங்கள் உழைப்பு தெரியும்.

வரிசை இதுதான். ஐந்து ஆண்டு அறிக்கைகளைப் பதிவிறக்கி, குறிப்புகள் உட்படப் படியுங்கள். லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்கம் மூன்றையும் கையால் எக்செலில் ஏற்றுங்கள். ஆயத்த தரவை ஒட்டினால் எந்த வரி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமலே போகும். வருவாயை அளவு, விலை என்று பிரித்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குக் கணியுங்கள். இருப்புநிலை ஒவ்வொரு ஆண்டும் சமன் ஆகிறதா என்று சரிபார்க்கும் வரி ஒன்று வையுங்கள்.

உள்ளீட்டு எண்கள் நீலத்தில், சூத்திரங்கள் கறுப்பில் என்பது துறை வழக்கம். சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள். வட்டியைத் தொடக்கக் கடன் இருப்பின் மேல் கணக்கிட்டால் சுழற்சிச் சிக்கல் (சூத்திரம் சுற்றிவந்து தன்னையே நாடுவது) வராது.

மதிப்பீட்டில் கவனிக்க வேண்டியது இறுதி மதிப்பு, அதாவது கணித்த ஆண்டுகளுக்குப் பிறகு வரும் பணப்புழக்கம் எல்லாவற்றின் மதிப்பு. தள்ளுபடி விகிதம் 10 சதவீதம், நிரந்தர வளர்ச்சி 4 என்றால் கடைசி ஆண்டுப் பணப்புழக்கத்தின் பெருக்கி 1.04 ÷ 0.06, அதாவது 17.33. வளர்ச்சியை 5 ஆக்கினால் அது 21. ஒரே ஒரு புள்ளியை மாற்றியதில் இறுதி மதிப்பு சுமார் 21 சதவீதம் ஏறுகிறது. இந்த இரண்டு எண்களையும் மாற்றினால் விடை எப்படி ஆடுகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். அது இல்லாத அறிக்கையை அனுபவசாலி எவரும் நம்ப மாட்டார்.

அறிக்கையின் முதல் பத்தியிலேயே முடிவு இருக்கட்டும்: வாங்கலாமா, என்ன மதிப்பு, ஏன். கடைசிப் பக்கத்தில் எது நடந்தால் என் கணிப்பு தவறும் என்று எழுதுங்கள். புதியவர்கள் நிறுவன வரலாற்றுக்கு இரண்டு பக்கம் செலவழித்துவிட்டு மதிப்பீட்டை அரைப் பக்கத்தில் முடிக்கிறார்கள். அது தலைகீழ்.

11. ரெஸ்யூமேயில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது

‘சிஎஃப்ஏ திட்டத்தின் லெவல் 1 தேர்வில் தேர்ச்சி’ என்று எழுதலாம். பெயருக்குப் பின்னால் ‘சிஎஃப்ஏ லெவல் 1’ என்று பட்டம் போலப் போடக் கூடாது. ‘சிஎஃப்ஏ, எதிர்பார்க்கப்படும் ஆண்டு இது’ என்றும் எழுதக் கூடாது. பாதிப் பட்டம் என்று ஒன்று இல்லை. அடுத்த லெவலுக்குப் பதிவு செய்திருந்தால் மட்டுமே ‘லெவல் 2 தேர்வாளர்’. நீங்கள் படித்த நெறிகளிலேயே உள்ள விஷயம் இது, ரெஸ்யூமேயில் மீறினால் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

‘மாடலிங்கில் திறமை’ என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த நிறுவனத்தை, எந்த முறையில், எத்தனை ஆண்டுக் கணிப்போடு மதிப்பிட்டீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

12. ஆட்களை அணுகுவதும் நேர்காணலும்

விளம்பரம் வந்த பிறகு விண்ணப்பிப்பது மட்டும் போதாது. நீங்கள் விரும்பும் பதவியில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களை அணுகுங்கள். மேலாளரைவிட அவர்களுக்கே நேரமும் நினைவும் அதிகம். செய்தி ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: நீங்கள் யார், அவருடைய வேலையில் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள், 15 நிமிடம் பேச முடியுமா. முதல் செய்தியிலேயே வேலை கேட்காதீர்கள், ரெஸ்யூமேயையும் இணைக்காதீர்கள். பேசி முடித்த பிறகு உங்கள் நான்கு பக்க அறிக்கையை அனுப்பி, எங்கே பலவீனம் என்று கேளுங்கள். உங்கள் வேலையைப் படித்துத் திருத்தியவர் உங்களை மறக்க மாட்டார்.

நேர்காணலில் தொடக்கநிலைக் கேள்விகள் பெரும்பாலும் பழகியவைதான். தேய்மானம் 10 கூடினால் மூன்று அறிக்கையும் எப்படி மாறும் என்பது ஒன்று. வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.5 குறையும், ரொக்கமில்லாச் செலவு என்பதால் 10 திரும்பக் கூட்டப்பட்டு, ரொக்கம் 2.5 கூடும். சொத்துப் பக்கம் நிலையான சொத்து 10 குறைந்து ரொக்கம் 2.5 ஏற, மொத்தம் 7.5 குறைவு. மறுபக்கம் பங்குதாரர் நிதியும் 7.5 குறைவு. சமன். இதைத் தாளில்லாமல் ஒரு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள்.

இன்னொன்று, ‘ஒரு பங்கைப் பரிந்துரையுங்கள்’. உங்கள் அறிக்கையை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள், முடிவில் தொடங்கி. அடுத்து வரும் கேள்வி ‘சந்தைக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும்?’ என்பதாக இருக்கும். பதில் இல்லாமல் நிற்கிறவர்கள் இங்கேதான் அதிகம். சந்தை எந்த எண்ணை எதிர்பார்க்கிறது, நீங்கள் எந்த எண்ணை வைத்திருக்கிறீர்கள், வித்தியாசம் எதனால் என்ற மூன்றையும் தயாராக வையுங்கள்.

13. முடிவு வந்த பிறகு

தவறியிருந்தால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்காதீர்கள். முடிவோடு பாடவாரியான விவரமும் வரும். எடை அதிகமுள்ள பாடங்களில் பலவீனமான இரண்டை மட்டும் ஆழமாகத் திரும்பப் படித்து, மற்றவற்றுக்குக் கேள்விகள் மட்டும் போடுங்கள்.

தேறியிருந்தால் லெவல் 2-க்கு நீண்ட இடைவெளி விடாதீர்கள். அங்கே ஒரு நீளமான சூழலைக் கொடுத்து அதன் மேல் நான்கு கேள்விகள் என 22 தொகுதிகள், மொத்தம் 88 கேள்விகள். நிதிநிலை அறிக்கையும் பங்கு மதிப்பீடும் அங்கே இரண்டு மடங்கு ஆழம். அவை மறப்பதற்குள் தொடங்கினால் ஒரு மாத உழைப்பு மிச்சம்.

வேலை கிடைத்த முதல் நாளிலிருந்தே மணிநேரத்தைக் குறித்து வையுங்கள். சிஎஃப்ஏ பட்டயம் பெற மூன்று தேர்வுகளோடு, குறைந்தது 36 மாதங்களில் 4000 மணி நேரத் தொடர்புள்ள அனுபவமும் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். முதலீட்டு முடிவெடுப்பில் நேரடிப் பங்கு, அல்லது அந்த முடிவுக்குப் பயன்படும் வேலை, இதுதான் கணக்கில் சேரும். பதவிப் பெயரை வைத்து யாரும் எண்ண மாட்டார்கள். எந்த மாதத்தில் என்ன அறிக்கை, என்ன மாடல், அது எந்த முடிவுக்குப் போனது என்று மாதம் ஒரு வரி எழுதி வந்தால், மூன்று ஆண்டு கழித்து விண்ணப்பம் நிரப்புவது ஒரு மாலை நேர வேலையாக முடிந்துவிடும்.